ஆய்ந்த கீரை

தோட்டத்தில் அவருக்குப் பெயர் தராசு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓய்வூதியத் தாளில் பத்திரமாக இருந்தது. முப்பத்தொன்பது வருடம் தானியக் கிடங்கில் மூட்டைகளுக்கு எடை போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மறுத்தது. கடைக்காரர் தட்டில் வைப்பதற்கு முன்பே, "அது எழுநூத்து இருபது கிராம்தான் இருக்கும்" என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்குவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவிதான் கடைசியில், "அந்த டிப்போ பின்னாடி ஏதோ தோட்டம் போடுறாங்களாம். அங்க போய் யாரையாவது எடை போடுங்க. என்னை விட்டுடுங்க" என்று துரத்திவிட்டாள்.

மூடிப்போன பஸ் டிப்போவின் பின்பக்கத்தில் இருந்தது அந்தத் தோட்டம். எண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடந்த மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வெட்டியெடுத்து, வேறு மண் கொட்டி, முப்பத்திரண்டு பாத்தி கட்டியிருந்தார்கள். வேலைக்கு வருகிறவர்கள் பதினைந்து பதினாறு பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. விளைவதில் ஒரு பச்சை மிளகாயைக்கூட யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. எல்லாம் சனிக்கிழமை காலை இருபத்து மூன்று பைகளாகி, நான்கு தெரு தள்ளி இருந்த சுகாதார நிலையத்தின் பின்வாசலுக்குப் போய்ச் சேரும்.

வேலை போனவர்கள், படுக்கையில் விழுந்தவர்கள், ஒரு கை சம்பாதித்து ஆறு வாய் சாப்பிடுகிற வீட்டார் என்று இருபத்து மூன்று குடும்பங்கள். அவர்கள் யார் யார் என்பது நர்ஸம்மாவுக்கு மட்டும் தெரியும். வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, மருந்து கொடுத்து வருகிற அவர்தான் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தவர். தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்ததெல்லாம் பையின் மேல் எழுதிய எண்ணும், அந்த வீட்டில் எத்தனை தலை என்பதும்தான். பத்து மணிக்குக் குடும்பங்கள் வரத் தொடங்கும். பை கொண்டுபோனவர்கள் அதற்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும்.

"ஒரு பையில மட்டும் நாலு வெண்டைக்காய் கூடப் போச்சுன்னா அது தர்மம்" என்பார் நர்ஸம்மா. "எல்லாருக்கும் ஒரே மாதிரி போச்சுன்னா அது பங்கு. தர்மம் வாங்குறவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு வருவாங்க. பங்கு வாங்குறவங்க, இந்த வாரம் தக்காளி ஏன் சின்னதா இருக்குன்னு சண்டைக்கு வருவாங்க. எனக்குச் சண்டைதான் வேணும்."

இந்தச் சட்டம் தராசுக்காகவே செய்த மாதிரி இருந்தது. கொட்டகை விட்டத்தில் தொங்குதராசை மாட்டிக்கொண்டு, இருபத்து மூன்று பையையும் தலைக்கணக்குப்படி நிறுப்பார். முள் ஒரு நூல் அசைந்தாலும் கீழே இறக்கிவிடுவார். கூடவே நின்று பை கட்டுகிறவர், ஓய்வு பெற்ற ஒரு டிரைவர். அவருடைய பழைய வேனில்தான் பைகள் போகும்.

"தராசண்ணே, அந்த வெண்டைக்காயை நடுவுல ஒடிச்சுப் போட்டுடுங்க. இல்லன்னா உங்களுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது" என்பார் டிரைவர்.

"எடைன்னா எடைதான்யா."

"எங்க கல்யாணத்துல தாலி கட்டுறதுக்கு முன்னாடி உங்களை விட்டு என் பொண்டாட்டியை நிறுத்துப் பாத்திருக்கணும். நான் ஏமாந்துட்டேன்."

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை, டிரைவரின் வேன் மக்கர் செய்தது. தள்ளி, உதைத்து, திட்டிக் கிளப்பிக்கொண்டு அவர்கள் சுகாதார நிலையம் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே கால். டிரைவர் எஞ்சினை அணைக்கப் பயந்து வேனிலேயே இருந்துவிட்டார். தராசு பைகளை அவசர அவசரமாக உள்ளே சுமந்து பலகையில் வரிசையாக அடுக்கினார். கடைசிப் பையை வைக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வெளியே போக வழியில்லாமல் மருந்து அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். கதவுக் கண்ணாடிக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். ஒரு மூலையில் மட்டும் பெயர்ந்திருந்தது. பார்க்க வேண்டும் என்று அவர் பார்க்கவில்லை. கண் அந்த இடத்துக்கு நேராக இருந்தது, அவ்வளவுதான்.

வந்தவள் அவருடைய தங்கை.

ஒன்பது வருடம் கழித்துப் பார்க்கிறார். முன்நெற்றி முழுக்க நரைத்திருந்தது. வலது கை முழங்கையிலிருந்து விரல் வரை மாவுக்கட்டில் இருந்தது. அவள் எண்களைப் பார்த்துக்கொண்டே வந்து பதினொன்றாம் பையின் முன்னால் நின்றாள். இடது கையால் தூக்கினாள். தோளில் மாட்டப் பையின் காதுகளை முடிச்சுப் போட முயன்றாள், முடியவில்லை. குனிந்து, ஒரு காதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, மற்றதை இடது கையால் சுற்றி இழுத்தாள். ஏழு வயதில் பாவாடை நாடா முடிச்சு விழுந்தால் இப்படித்தான் பல்லால் கடிப்பாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் வேனில் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? எலி கிலி பாத்தீங்களா உள்ள?"

"வண்டியை எடுய்யா" என்றார் தராசு.

அண்ணன் தங்கைக்கு நடுவில் என்ன நடந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அம்மா இறந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கு ஏழு. அப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். படிப்பை அப்படியே நிறுத்திவிட்டுக் கிடங்கில் சேர்ந்து அவளை வளர்த்தார். தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது, காய்ச்சலில் உட்கார்ந்து விடிய வைத்தது எல்லாம் அவர்தான். அவள் தனக்குப் பிடித்த ஒரு பெயிண்டரைக் கட்டிக்கொண்டபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் பெயிண்டருக்கு வேலை இல்லாமல் போய், இரண்டு பெண் குழந்தைகளோடு அவர்கள் அண்ணன் வீட்டில் ஒன்றரை மாதம் தங்கினார்கள். ஒரு மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கிடங்கில் மேலதிகாரியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தார் அண்ணன். பெயிண்டர் இரண்டாம் முறை சோறு கேட்டார். அண்ணன் வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்தது.

"உன்னைத்தான் ஊட்டி வளர்த்தேன். உன் புருஷனையும் நானே ஊட்டி வளர்க்கணுமா?"

பெயிண்டர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. தங்கை எழுந்தாள். பாதி சாப்பிட்ட குழந்தைகளையும் எழுப்பிக் கை கழுவிவிட்டாள். அவள் கத்தவில்லை. "இத்தனை வருஷமா நீ எனக்குப் போட்டது சோறுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இனிமே உன் கையால பச்சைத் தண்ணிகூட வேண்டாம்ணே" என்றாள். அன்றைக்கே போய்விட்டார்கள்.

அவர் இரண்டு முறை அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். இரண்டு முறையும் பெயிண்டர்தான் வெளியே வந்து, மரியாதையாக, "வேண்டாம் மச்சான், அவ பாக்க மாட்டேங்கிறா" என்று சொல்லி அனுப்பினார். மூன்றாம் முறை போனபோது வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். வீடு மாறிப் போன இடம் தெரியவில்லை. இப்போதுதான் தெரிந்தது, எங்கேயோ பக்கத்திலேயே இருக்கிறாள். இரண்டு வருடமோ இரண்டு மாதமோ, அவர் கை விளைத்து அவர் கை நிறுத்ததைத்தான், அவர் என்று தெரியாமல், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

நியாயமாகப் பார்த்தால் அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு எடை போட்டால் போதும். முதல் வாரம் அப்படித்தான் இருந்தார். ஆனால் கீரைக் கட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த மாவுக்கட்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தோட்டத்தில் கீரையை வேரோடு பிடுங்கி, மண் உதறி, கட்டாகவே பையில் வைப்பது வழக்கம். வேர் இருந்தால் இரண்டு நாள் வாடாது. கை இரண்டும் நன்றாக இருக்கிறவளுக்கே ஒரு கட்டு ஆய அரை மணி நேரம் ஆகும். பல்லாலா ஆய்வாள்?

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, பறித்த கீரையில் இரண்டு கட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தோட்டத்துப் பொருள் வீட்டு வாசல் ஏறியது அதுதான் முதல் தடவை. சமையலறைத் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்து ஆயத் தொடங்கினார். மனைவி வாசல்படியில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"முப்பது வருஷத்துல எனக்கு ஒரு கட்டு ஆஞ்சு கொடுத்தது உண்டா?"

அவர் அடுத்த தண்டை எடுத்தார்.

"யாருக்கு இவ்வளவு உபசாரம்?"

"பதினொண்ணாம் நம்பருக்கு."

"அது யாரு, நாட்டு ராணியா?"

அவர் கை நின்றது. தலையைத் தூக்காமலே சொன்னார். "என் தங்கச்சி."

மனைவி சேலையைச் செருகிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஒரு தண்டை எடுத்தாள். அவர் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் பாத்துக்கிறேன்" என்றார்.

வேரும் தண்டும் போனால் எடை குறையும். ஒரு கட்டு எடைக்கு ஈடாக இரண்டு கட்டு இலை வேண்டியிருந்தது. மறுநாள் பதினொன்றாம் பையைத் தராசில் மாட்டியபோது முள் சரியான இடத்தில்தான் நின்றது. பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. அவருக்கு மட்டும் தெரியும், இத்தனை வருடத்தில் அவர் தராசு சொன்ன முதல் பொய் அது என்று.

அடுத்த வெள்ளிக்கிழமை நர்ஸம்மா தோட்டத்துக்கு வந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

"போன வாரம் பதினொண்ணாம் பையில ஆஞ்ச கீரை போயிருக்கு. யாரு செஞ்சது?"

தராசு மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டுவதில் மும்முரமாக இருந்தார்.

"அந்தம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். 'யாரு அந்தப் புண்ணியவதி, கும்பிட்டேன்னு சொல்லுங்க'ன்னாங்க. அது வேற விஷயம். இனிமே இப்படிச் செய்யாதீங்க. அவங்களுக்கு மட்டும் ஏன்னு அடுத்த ஆளு கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"புண்ணியவதியா?" என்று டிரைவர் சிரித்தார். "இங்க கொண்டை போட்டவங்க நாலு பேரு இருக்காங்க, யாருன்னு கண்டுபிடிங்க நர்ஸம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். தராசுக்கு அந்த ஒரு சொல் தலைக்கு ஏறிவிட்டது. ஒன்பது வருடமாக அவளிடமிருந்து அவருக்கு வந்த முதல் வார்த்தை. ஆள் தெரியாமல் வந்தது, பெண் என்று நினைத்து வந்தது. இருந்தாலும் அவருக்குத்தான் வந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். அவர் அதற்கு மேலேயும் ஒரு படி போனார்.

அம்மா போன புதிதில் அந்தக் குழந்தை கீரையைத் தொடவே மாட்டேன் என்றது. அம்மா செய்த மாதிரி இல்லையாம். பத்தொன்பது வயதுப் பையனுக்கு அம்மா எப்படிச் செய்தாள் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு தண்டின் நுனியிலும் இருக்கிற இரண்டு இலைக் கொழுந்தை மட்டும் தனியாகக் கிள்ளி வதக்கிக் கொடுத்துப் பார்த்தார், சாப்பிட்டது. அதற்கப்புறம் கீரை வாங்கும் நாளெல்லாம் காலையிலேயே கொழுந்தைக் கிள்ளி ஒரு காகிதத்தில் மடித்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். கிடங்கில் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி தானியம் எடுத்து மாதிரிப் பொட்டலம் மடிப்பார்கள்: காகிதத்தை மூன்று மடிப்பாக மடித்து, கடைசி மூலையை உள்ளே செருகிவிடுவது. நூல் வேண்டாம், பசை வேண்டாம், தலைகீழாகப் பிடித்தாலும் கொட்டாது. அவருக்கு வேறு மடிப்புத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை மாலையும் அவர் கீரை ஆய்ந்தார். கொழுந்தைத் தனியாகக் கிள்ளினார். அவளுக்கு இல்லை, அவளுடைய சின்னப் பெண்ணுக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளங்கை அளவுக்கு ஒரு பொட்டலம். மூன்று மடிப்பு, மூலை உள்ளே.

அதற்கடுத்த சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, பாத்திகளுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தபோது, நர்ஸம்மா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தார். பையின் மேல் பதினொன்று என்று எழுதியிருந்தது. அன்று காலை நிறுத்துக் கொடுத்தது, கட்டுகூட அவிழ்க்கவில்லை. நர்ஸம்மா நேராகத் தராசிடம் வந்தார்.

"கொட்டகைக்கு வாங்க."

போனார். நர்ஸம்மா தன் கைப்பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். மடிப்புக் கலையவில்லை. உள்ளே இருந்தது ஒரு வாரத்தில் கறுத்து, காகிதத்தில் ஈரம் ஊறியிருந்தது.

"இதை மடிச்சவங்ககிட்ட கொடுக்கச் சொன்னாங்க. பேர் சொல்லல. 'உயரமா இருப்பாரு, பேசறதுக்கு முன்னாடி தொண்டையைச் செருமுவாரு'ன்னாங்க."

தராசு தொண்டையைச் செருமினார்.

"அவங்க உங்களுக்கு யாரு?"

"என் கூடப் பிறந்தவ."

நர்ஸம்மா ஓரமாக இருந்த சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார். அவர் கோபப்பட்டுத்தான் வந்திருந்தார். அது பாதியில் எங்கேயோ போய்விட்டது. "முதல்ல கீரையைச் சமைச்சுட்டாங்க. பிள்ளைங்க சாப்பிட்டுட்டாங்க. அப்புறம்தான் பை அடியில இதைப் பாத்திருக்காங்க. 'ரெண்டு வாரம் தெரியாமச் சாப்பிட்டாச்சு, அது போகட்டும். இனி வேண்டாம், என் பேரை அடிச்சிடுங்க'ன்னுட்டாங்க."

"ரெண்டு வாரம் இல்லம்மா. இங்க விளைஞ்சதெல்லாம்..."

"அதை நான் சொல்லல." நர்ஸம்மா தலையை அசைத்தார். "மத்தவங்க வீட்டு விஷயத்தை நான் இங்க பேசக் கூடாது. ஆனா பேசுறேன். அவங்க வீட்டுக்காரர் சாரத்திலேர்ந்து விழுந்து எட்டு மாசமாப் படுத்திருக்காரு. அவங்க ஒரு பிஸ்கட் கம்பெனியில பேக்கிங் பாத்தாங்க. கை உடைஞ்சதும் அந்த வேலையும் போச்சு. சின்னப் பொண்ணுக்கு ரத்தம் ரொம்பக் கம்மி. கீரை கொடு, கீரை கொடுன்னு டாக்டர் எழுதிக்கிட்டே இருக்காரு. அந்த வீட்டுக்குள்ள பச்சையா ஏதாவது போகுதுன்னா அது இந்தப் பைதான். இப்ப அதுவும் இல்ல."

தராசு பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவகிட்ட இப்படிச் சொல்லுங்களேன். அந்த ஆளு தோட்டத்தை விட்டுப் போயிட்டாருன்னு."

"பொய் சொல்ல மாட்டேன்."

"வேற எப்படி..."

"நீங்க நிஜமாப் போனா, போயிட்டாருன்னு சொல்றேன்."

வெளியே குழாய்த் தண்ணீர் பாத்தி நிறைந்து வழியும் சத்தம் கேட்டது. யாரோ ஓடிப்போய் அடைத்தார்கள். தராசுக்கு அந்த நேரத்தில் கணக்குப் போட ஒன்றுமே இல்லை. ஒரு தட்டில் அந்தச் சின்னப் பெண். அதற்கு மூன்று வயதாக இருந்தபோது பார்த்த முகம்தான் அவருக்குத் தெரியும். மறு தட்டில் என்ன வைத்தாலும் அது மேலேதான் போகும்.

"சரி" என்றார்.

அன்றைக்கே டிரைவரைக் கூப்பிட்டுத் தராசு முள்ளை எப்படிப் பூஜ்யத்தில் நிறுத்துவது, மழைக்காலத்தில் சங்கிலிக்கு எப்போது எண்ணெய் விடுவது, எந்தப் பையை முதலில் நிறுத்தால் கை வலிக்காது என்று வரிசையாகச் சொன்னார். டிரைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"என்னண்ணே, ஊருக்குப் போறீங்களா?"

"உடம்பு முடியலைய்யா."

"உங்களுக்கா? மாடு மாதிரி இருக்கீங்க." டிரைவர் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "என்னைத் தனியா விட்டுட்டுப் போனா நான் எல்லாருக்கும் கிலோக் கணக்குல கூடத்தான் போடுவேன். சொல்லிட்டேன்."

"போடு" என்றார் தராசு. பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஒண்ணு. நாலாம் பாத்தி, அஞ்சாம் பாத்தி ரெண்டும் நான் விதைச்சது. அதுலேர்ந்து பறிக்கிறதைப் பதினொண்ணுக்கு மட்டும் போடாதே. மத்த யாருக்கு வேணாலும் போடு. பதினொண்ணுக்கு வேண்டாம்."

"ஏன், அதுல என்ன விஷமா இருக்கு?"

"நான் சொன்னதைச் செய்யேன்யா" என்றவர், மண்வெட்டியைக் கழுவிச் சாய்த்துவிட்டு, கறுத்த பொட்டலத்தை எருக்குழியில் போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

அதன் பிறகு வந்த சனிக்கிழமைகளை எப்படித் தள்ளினார் என்பது மனைவிக்குத்தான் தெரியும். ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். குளித்து, சட்டை போட்டு, நாற்காலியில் உட்காருவார். ஒன்பது மணிக்கு, "இப்ப வேன் கிளம்பியிருக்கும்" என்பார். பத்தரைக்கு எழுந்து சட்டையைக் கழற்றுவார். தங்கை பையை வாங்கிக்கொண்டாளா என்பதை யாரிடம் கேட்பது? தோட்டத்து ஆளாக இருந்தபோதே கேட்கக் கூடாத கேள்வி அது. இப்போது அவர் தோட்டத்து ஆளும் இல்லை. நர்ஸம்மா வீட்டுப் பக்கமும் வரவில்லை.

ஏழு வாரம் கழித்து, மனைவியின் ரத்த அழுத்தம் பார்க்க வருகிற சாக்கில் நர்ஸம்மா வந்தார். பட்டையைக் கையில் சுற்றி, காற்றடித்து, எண்ணைச் சொல்லிவிட்டு, கருவியை மடித்துவைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"பட்டியல்ல இருக்கிறவங்களைப் பத்திப் பேசக் கூடாது. இப்ப அவங்க பட்டியல்ல இல்ல. அதனால சொல்றேன்."

தராசின் முகம் வெளிறியது. "அப்ப வாங்கலையா?"

"கேளுங்க முழுசா. நீங்க போயிட்டீங்கன்னு சொன்னேன். ஒரு மாசம் நம்பல. அப்புறம் மாவுக்கட்டைப் பிரிச்ச மறுநாள் அவங்களே தோட்டத்துக்கு வந்து நின்னாங்க. கொட்டகை, பாத்தி, குழாயடி எல்லாத்தையும் சுத்திப் பாத்தாங்க. 'நிஜமாவே போயிட்டாரா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். 'சும்மா வாங்கினாத்தானே யார் கைன்னு பாக்கணும். எனக்கு ரெண்டு பாத்தி கொடுங்க, என் கையாலயே விளைச்சு எடுத்துக்கிறேன்'ன்னாங்க. சட்டத்துல அதுக்கு இடமில்லதான். சரி, சட்டம் போட்டதும் நான்தானேன்னு விட்டுட்டேன். தினமும் வராங்க. வலது கையில இன்னும் பிடிமானம் இல்ல. இடது கையாலதான் கொத்துறாங்க."

மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தராசுக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். ஆனால் ஏழு வாரமாக, கொஞ்ச நாள் போகட்டும், எல்லாம் ஆறட்டும், ஒரு நாள் மெல்லத் திரும்பிப் போய்விடலாம் என்று அவர் மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஒரு எண்ணத்தைப் பொத்திவைத்திருந்தார். அது அந்த நாற்காலியிலேயே முடிந்துபோனது.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"இல்ல."

"எந்தப் பாத்தி கொடுத்தீங்க?"

நர்ஸம்மா கொஞ்சம் தயங்கினார். "சும்மா கிடந்தது ரெண்டுதான். நாலும் அஞ்சும்."

"அது நான்..."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. கீரை முத்திப்போயிருந்துச்சு, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு, கொத்தி, புதுசா விதைச்சிருக்காங்க."

"அஞ்சாம் பாத்தி பள்ளம்" என்றார் தராசு சட்டென்று. உடம்பு முன்னால் வந்தது. "மழை பெஞ்சா மதில் பக்கத்துத் தண்ணி முழுக்க அங்கதான் இறங்கும். விதை மேல மிதந்துடும். மதிலை ஒட்டி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கா வெட்டி, பின்னாடி சாக்கடைக்குத் திருப்பிவிடணும். பழசு தூர்ந்திருக்கும். வானம் வேற மூடிக்கிட்டு வருது, சனிக்கிழமைக்குள்ள..."

நர்ஸம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கியிருந்தார்.

"எழுதாதீங்க" என்றார் தராசு.

"ஏன்? நான் போய்ச் சொல்லிடுறேனே."

"யாரு சொன்னதுன்னு கேப்பா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

நர்ஸம்மாவின் பேனா நின்றது. எழுதியது ஒன்றரை வரி. அதை இரண்டாகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "டிரைவருக்காவது சொல்லவா?" என்று கேட்டார்.

"அவன் ஒரு ஓட்டை வாய். வேண்டாம்மா. தண்ணி நின்னா அவளே பாத்து வெட்டிக்குவா."

சனிக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. தராசு எழுந்து, சட்டை போட்டு, குடையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. "ஒரு தடவை தூரத்துல நின்னு பாத்துட்டாவது வாங்களேன்" என்றாள்.

அவர் படியில் ஒரு கால் வைத்தார். இங்கிருந்து வேகமாக நடந்தால் தோட்டத்துக்குப் பதினெட்டு நிமிடம். வாய்க்கால் வெட்ட அரை மணி நேரம். இரண்டு கையும் நன்றாக இருக்கிற ஆள் வெட்டினால்.

காலை உள்ளே எடுத்துக்கொண்டார். நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, மடியில் குடையோடு உட்கார்ந்தார். வெறும் கண்ணாலேயே மழையை அளந்தார்: இப்போது மதில் ஓரம் நிறைந்திருக்கும். இப்போது அஞ்சாம் பாத்தியின் கரையைத் தொட்டிருக்கும். இப்போது வழிந்திருக்கும். இப்போது அவள் பார்த்திருப்பாள்.

மழை பத்தரைக்கு விட்டது. அவர் எழுந்து, ஒரு சொட்டும் நனையாத குடையை ஆணியில் மாட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.